பிஸ்கட்டவேயில் ஒரு பதினெட்டாம் நூற்றாண்டு உள்பாவாடை

1

சென்ற வருடம் மார்ச் மாதம், டல்லாஸ் போகும் விமானத்தைப் பிடிக்க நியூ ஜெர்சியில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றேன். என் கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனது. வெளியே வரவில்லை. பெல்ட் பின்னால் ஓடியது, மறுபடி முன்னால் ஓடியது, நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் இன்னொருவரை அழைத்தார். அவர் மூன்றாவதாக ஒருவரை அழைத்தார்.

உள்ளே இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். லினன் துணியில் கையால் தைத்த, கை இல்லாத, இடுப்போடு முடிகிற ஓர் உடுப்பு. அதன் இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே மெல்லிய குச்சிகள் நெருக்கமாக, வரிசை வரிசையாகச் செருகியிருந்தன. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் பையில், 2007ஆம் ஆண்டில், அது திரையில் எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"இது என்ன, மேடம்?"

"உள்ளாடை."

"யாருடையது?"

"என்னுடையது. பதினெட்டாம் நூற்றாண்டு மாதிரி."

உடன் வந்த என் மகள் நிலோஃபர், அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, தன் பையை எடுத்துக்கொண்டு நாலு வரிசை தள்ளிப் போய் நின்று, விமான அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு பெண் அதிகாரி வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு உடுப்பை எடுத்து விரித்தார், புரட்டினார், தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். குச்சிகள் பிரம்பு என்றேன். கூடை பின்னுகிற அதே பிரம்பு.

"முழுக்கக் கையாலேயே தைத்தீர்களா?"

"ஆமாம்."

"முதுகுப் பக்கம் கயிறு கோத்துக் கட்ட வேண்டும், இல்லையா?"

"ஆமாம்."

"யார் கட்டிவிடுவார்கள்?"

அவர் பாதுகாப்புக்காகக் கேட்கவில்லை, ஆர்வத்தில் கேட்டார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். இதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

2

திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். செய்தி எழுதுகிறவள் இல்லை. பிறர் எழுதிவருவதைத் திருத்தி, சுருக்கி, தலைப்புப் போட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறவள். என் பெயர் பத்திரிகையில் எங்கும் வராது. பிழை வந்தால் மட்டும் மறுநாள் காலை ஆசிரியரின் வாயில் வரும்.

கணவர் நஸீரின் வேலையை ஒட்டி பிஸ்கட்டவேக்கு வந்தபோது எனக்குக் கிடைத்தது ஹெச்-4 விசா. அதில் வந்திருப்பவர் கார் ஓட்டலாம், படிக்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வரலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வங்கியிலோ பல் மருத்துவரிடமோ எதையாவது நிரப்பும்போது 'தொழில்' என்ற கட்டம் வந்ததும் என் பேனா நின்றுவிடும். கிரீன் கார்டுக்கு வரிசையில் இருக்கிறோம். ஊரில் கேட்கிறவர்களுக்கு இந்த வாக்கியத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் வருடா வருடம் சொல்லிவருகிறேன்.

சம்பளம் இல்லாத வேலைக்குத் தடையில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில், ஆற்றை ஒட்டி ஒரு கல் வீடு இருக்கிறது. அமெரிக்கா ஒரு தனி நாடாவதற்கு முன்பே கட்டியது. உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதைப் பராமரித்து, சனிக்கிழமைகளில் திறந்து காட்டுகிறார்கள். மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் திருவிழா மாதிரி. அன்று தொண்டர்கள் அந்தக் காலத்து உடுப்பில் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். நானும் சேர்ந்தேன். எனக்குப் பார்க்கிங் கொடுத்தார்கள். முக்காட்டுக்குக் கீழே ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு புல்வெளியில் நிற்பேன். வண்டியில் வருகிறவர்கள் கண்ணாடியை இறக்குவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்கள். நான் கை காட்டுவேன். அவர்கள் நிறுத்துவார்கள்.

வண்டி வரத்துக் குறைந்ததும் வீட்டுக்குள் போய் முன்னறையில் நின்று கேட்பேன். அங்கே பேசுகிறவர் வால்ட்டர், ஓய்வுபெற்ற பொறியாளர். துப்பாக்கிகளைப் பற்றி அவர் சொல்வதில் குறை காண முடியாது. பெண்கள் உடுப்புக்கு வரும்போதுதான் குரலை மாற்றுவார். "அந்தக் காலத்துப் பெண்கள் ஸ்டேஸ் என்ற கூண்டுக்குள் உடம்பை நுழைத்து, இடுப்பு ஓர் ஆணின் இரண்டு கைக்குள் அடங்கும் வரை இறுக்கிக்கொள்வார்கள். அதனால்தான் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள்." இரண்டு கையையும் வளைத்து அளவு காட்டுவார். கூட்டம் சிரிக்கும்.

நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். தவறு. அப்படி இறுக்குவதெல்லாம் பிற்காலத்துக் கதை. இந்த வீட்டுப் பெண்கள் போட்ட ஸ்டேஸ் முதுகைத் தாங்கவும் பாவாடைகளின் கனத்தைச் சுமக்கவும் ஆனது. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் இறைத்தார்கள், பிள்ளை தூக்கினார்கள். வால்ட்டரிடம் இதைச் சொன்னேன். சுவாரஸ்யமாக இருக்கிறது என்றார். அடுத்த சனிக்கிழமையும் கையை வளைத்துக் காட்டினார்.

ஒரு பிழை வாராவாரம் பிரசுரமாகிறது, திருத்தும் மேசையில் நான் இல்லை. அந்த முன்னறையில் நின்று பேச வேண்டும் என்று நான் முடிவு செய்தது இதனால்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

3

உடுப்புகளுக்குப் பொறுப்பு கேரல். பள்ளி நூலகராக இருந்தவர். பேச்சு மென்மையாக இருக்கும், விதி மென்மையாக இருக்காது. மே மாதத்து நாளில் முன்னறையில் நிற்கிறவர் உள்ளாடை முதல் துல்லியமாக உடுத்தியிருக்க வேண்டும், உள்ளாடை கையால் தைத்ததாக இருக்க வேண்டும், அவர் பரிசோதிப்பார். "கவுனை நான் இரவல் தருகிறேன், பெட்டியில் இருக்கிறது. உள்ளே போடுவதை யாரும் இரவல் தர மாட்டார்கள்" என்றார்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாத எடம்தானே, மெஷின்ல அடிச்சா என்ன ஷாஹிதா?" என்றார் நஸீர். "பக்கத்து ஊர் எடிசன்ல ஆல்டரேஷன் பண்ற குஜராத்தி ஆன்ட்டிகிட்ட குடுத்தா ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாங்க."

"கையாலதான் தைக்கணுமாம். கேரல் செக் பண்ணுவாங்க."

"உள்ளயா?"

"ஈயூ, அத்தா!" என்றாள் நிலோஃபர். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மா, யூ ஆர் மேக்கிங் அண்டர்வேர். ஃபார் டெட் பீப்பிள்."

"செத்தவங்களுக்கு இல்லடி. எனக்கு."

"தட்ஸ் வொர்ஸ்."

அவள் இங்கே வந்தபோது ஐந்து வயது. நாங்கள் பேசுகிற தமிழ் முழுக்கப் புரியும். பதில் வரும் மொழி வேறு. நான் தமிழில் கேட்டு அவள் ஆங்கிலத்தில் சொல்கிற இந்த ஏற்பாட்டுக்கு இருவரும் பழகிவிட்டோம். அந்தக் குளிர்காலத்தில் அதுவும் குறைந்திருந்தது. அறைக் கதவு மூடியே இருக்கும். பள்ளிக்கு நான் அழைக்கப் போனால் வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது, தெரு முனையில் நிறுத்த வேண்டும் என்பது அவள் உத்தரவு.

முதலில் ஷிஃப்ட். தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை தொங்கும் லினன் அங்கி. கழுத்தைத் தவிர வேறு எங்கும் வளைத்து வெட்டுவது கிடையாது. எல்லாம் சதுரம், செவ்வகம், முக்கோணம். மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வருவதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மேல் பக்கம் சாய்வாக வெட்டி எடுத்த முக்கோணத்தையே தலைகீழாகத் திருப்பிக் கீழே ஒட்டிவிடுவது. கை தூக்கினால் கிழியாதிருக்க அக்குளில் ஒரு சிறு சதுரம். தரையில் விழுந்தது நூல் துணுக்கு மட்டும்தான். இடத்தை இப்படி நிரப்பிய பக்கத்தை நான் பத்திரிகையில்கூட அதிகம் பார்த்ததில்லை.

தையல் சிரமமாக இல்லை. சேலைக்கு ஃபால்ஸ் தைத்த கை இது. வெளியே புள்ளியாக மட்டும் தெரிகிற அதே மடிப்புத் தையலுக்குக் கேரல் கொடுத்த தையல் புத்தகத்தில் வேறு பெயர், அவ்வளவுதான். லினன் நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் முறுக்கு விழாது.

யார் என்ன உடுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் அந்தக் காலத்து நாளிதழ்களின் ஃபிலிம் சுருளைப் பார்த்தேன். பழக்கதோஷம், விளம்பரப் பக்கத்தை முதலில் படித்தேன். ஓடிப்போன அடிமைகளையும் வேலைக்காரர்களையும் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்கள் அதில் நிறைய இருந்தன. ஓடிய அன்று அவள் என்ன போட்டிருந்தாள், பாவாடை என்ன நிறம், ஷிஃப்ட் எந்த ரகத் துணி என்று எஜமானர் எழுதியிருப்பார். அவள் வயது அவருக்கு உத்தேசமாகத்தான் தெரிந்திருக்கிறது. உள்ளாடை திட்டமாகத் தெரிந்திருக்கிறது. நான் குறித்துக்கொண்ட விவரங்களில் பாதி அந்த விளம்பரங்களிலிருந்து வந்தவை.

அடுத்தது ஸ்டேஸ். இரண்டு துணிகளைச் சேர்த்துப் பென்சில் அகலத்துக்குக் கோடு கோடாகத் தைத்து, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஒரு பிரம்பு. அந்தக் காலத்தில் வசதியானவர்கள் திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த பட்டையைச் செருகினார்கள். இன்று அதற்குத் தடை இருக்கிறது, பிரம்பு போதும் என்றார் கேரல். முதுகில் கயிறு கோக்கக் கண்கள் போட வேண்டும். துணியை வெட்டாமல், ஊசியால் இழைகளை விலக்கி ஓட்டையாக்கி, சுற்றிலும் நூலால் கட்டுவது. நம் ஊர்த் தையல்காரர்கள் காஜா எடுப்பதற்குச் சித்தப்பா முறை.

4

அந்தக் காஜாக்களோடுதான் டெக்சாஸ் போனேன். என் தங்கை பர்வீன் டல்லாஸை ஒட்டிய காப்பெலில் இருக்கிறாள். அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தேன்.

"அக்கா, வர்றதே வருசத்துக்கு ஒருதரம். ஒரு மால் வேணாம், ஒரு அவுட்டிங் வேணாம், ஓட்ட போட்டுக்கிட்டே உக்காந்திருக்க."

"ஓட்ட இல்ல. காஜா."

"அம்மா ஃபோன் பண்ணி, அக்கா என்ன பண்றான்னு கேட்டா என்னா சொல்ல? அமெரிக்கால உக்காந்து ஜட்டி தைக்கிறான்னா?"

"ஜட்டியெல்லாம் அந்தக் காலத்துல கெடையாது."

"என்னாது?"

"பொம்பளைங்க போட மாட்டாங்க. ஷிஃப்ட் மட்டும்தான்."

பர்வீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அல்லாவே. அப்ப நீயும் அன்னிக்கு…"

"துல்லியத்துக்கும் ஒரு அளவு இருக்கு பர்வீன்."

அவள் சிரித்த சத்தத்தில் அவள் கணவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். அடுத்த அறையில் பிள்ளைகளோடு இருந்த நிலோஃபர், "ஐ டோன்ட் நோ ஹர்" என்று உரக்கச் சொன்னாள்.

5

உள்பாவாடையை ஏப்ரலில் தைத்து முடித்தேன். இருந்த வேலைகளில் எளியது அதுதான் என்று நினைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்கச் சேலைக்குள் கட்டிய சாமான்.

பரிசோதனை அந்தக் கல் வீட்டின் மாடி அறையில் நடந்தது. கேரல் ஷிஃப்ட்டை உட்புறம் வெளியே திருப்பி, தையல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அக்குள் சதுரத்தை இழுத்துப் பார்த்தார். சரி. ஸ்டேஸை எனக்குப் போட்டுவிட்டு, முதுகில் அவரே கயிறு கோத்தார். சரி. பிறகு பை. அந்தக் காலத்துக் கவுனில் பை தைப்பதில்லை. தனியாக ஒரு துணிப் பையை நாடாவில் கோத்து, ஷிஃப்ட்டுக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். நம் சுருக்குப்பை போல, ஆனால் இன்னும் பெரியது. அதற்கு மேல் உள்பாவாடை. அதற்கும் மேல் இரவல் கவுன்.

நான் முழுசாக உடுத்தி நின்றதும், கேரல் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். "அழகு. இப்போது உங்கள் பையிலிருந்து அங்குஸ்தானை எடுங்கள்."

ஊசி குத்தாதிருக்க விரலில் மாட்டும் அந்தத் தகர மூடியை அவரே பைக்குள் போட்டிருந்தார். கவுனின் இடுப்புப் பக்கத்தில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகக் கையை விட்டேன். அடுத்து உள்பாவாடை. துணி தடுத்தது. கொஞ்சம் முன்னால் தடவினேன், பின்னால் தடவினேன். வெறும் துணி. அங்குஸ்தான் விரல் நுனிக்குக் கீழே உருள்வது தெரிந்தது, எடுக்க வழியில்லை.

"கீழேயிருந்து பாவாடையைத் தூக்கி எடுக்கலாம்" என்றார் கேரல். "அதைப் பார்க்க இன்னும் நிறையக் கூட்டம் வரும்."

புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. இரண்டையும் இடுப்பிலிருந்து ஒரு சாண் தைக்காமல் விட வேண்டும், இருபுறமும். அதைப் படித்தேன். கோடு போட்டேன். ஆனால் தைக்க உட்கார்ந்ததும் கை நம் ஊர்ப் பாவாடையைத் தைத்துவிட்டது. நாடாவுக்கு ஒரு மடிப்பு, முடிச்சுப் போட ஒரு சின்ன வாய், மற்றபடி பக்கவாட்டை இடுப்பு வரை மூடி ஒரு தையல், அதன் மேல் உறுதிக்கு இன்னொரு தையல். நம் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாவாடையின் அந்தச் சின்ன வாய்கூட வெளியே தெரியக் கூடாது, அதை இடது பக்கம் தள்ளி, சேலைச் செருகலால் மூடு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இருபுறமும் ஒரு சாண் திறந்த பாவாடையைத் தைக்கச் சொன்னால் கை எப்படிக் கேட்கும்? திறந்திருந்தால் அது தையல் பிரிந்த பாவாடை.

கீழே வந்தோம். "இது தோல்வி இல்லை" என்றார் கேரல். "இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. இந்த ஆண்டு பார்க்கிங்கைப் பாருங்கள், அடுத்த ஆண்டு…"

வால்ட்டர் முன்னறையில் ஒரு துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை. அதனால்தான் கேட்டார்.

"ஒன்று கேட்கலாமா? துல்லியம் துல்லியம் என்கிறோம். உங்களைப் போன்ற ஒருவர் அந்தக் காலத்தில் இந்த முன்னறையில் யாராக இருந்திருப்பார்?"

கேரல் அவசரமாகக் குறுக்கிட்டார். "சமையலறையில் ஆள் குறைவாக இருக்கிறது. ஷாஹிதா அங்கே நின்றால் பொருத்தமாக…" பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சமையலறையில் நின்றவர்கள் அடிமைகள் என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும். வாசலில் உள்ள பலகையில் வீட்டுக்காரர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பதில் தயாராக இருந்ததால் இருக்கலாம்.

"சமையலறையில் நின்ற பெண்ணுக்கு யாரும் இந்தக் கவுனைக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளுடைய உடுப்பு வேறு. அவளைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் அதையும் தைக்கிறேன், விவரம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அவளாக நான் நடிக்க முடியாது. முன்னறையிலும் யாராகவும் நடிக்கப் போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பேன், இது எப்படித் தைத்தது என்று சொல்வேன். வால்ட்டர், உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது?"

"தாத்தா போலந்திலிருந்து வந்தார்" என்றார் வால்ட்டர்.

"அவர் இந்த வீட்டில் யாராக இருந்திருப்பார்?"

வால்ட்டர் துப்பாக்கியைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். "உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்" என்றார் கடைசியில்.

கேரல் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "கை உள்ளே போனால் முன்னறை. போகாவிட்டால் பார்க்கிங்."

6

வீட்டுக்கு வந்து பாவாடையை முழுக்கப் பிரித்தேன். உறுதிக்குப் போட்ட இரண்டாவது தையல்தான் பிரிக்க அதிக நேரம் பிடித்தது.

சரியான முறையில் முன் துண்டுக்குத் தனி நாடா, பின் துண்டுக்குத் தனி நாடா. துணியை மடித்து மடித்து நாடாவில் ஏற்ற வேண்டும். அது சேலைக் கொசுவம்தான், அதற்குக் கை கேட்டது. பின் துண்டை முன்னால் கொண்டுவந்து கட்டி, முன் துண்டைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினால் இடுப்பு நிற்கிறது, பக்கங்கள் திறந்திருக்கின்றன. முதல் முறை கட்டிப் பார்த்தபோது, உள்ளே முழங்காலுக்குக் கீழ் வரை ஷிஃப்ட் இருந்தும், அந்த இரண்டு திறப்புகளிலும் என் உள்ளங்கைகள் தாமாகப் போய் மூடிக்கொண்டன. கண்ணாடியில் அதைப் பார்த்தேன். கைகளை எடுத்தேன். மறுபடி போயின. மறுபடி எடுத்தேன்.

"நோபடி இஸ் கோயிங் டு ஸீ இட், மா" என்றாள் அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்க வந்த நிலோஃபர். அவள் அதைச் சொல்வது முதல் தடவை இல்லை. பாவாடையை அவிழ்த்து, மடிப்பைத் தைக்க உட்கார்ந்தேன்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. திருவிழா நாளன்று கேரலுக்கு ஆயிரம் வேலை, எல்லோரும் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஸின் கயிறு முதுகில் இருக்கிறது.

அன்று காலை நஸீர் முயன்றார். பெருமூச்சு விட்டுக்கொண்டே இழுத்தார், கோத்தார், இழுத்தார். கண்ணாடியில் பார்த்தால் என் வலது தோள் மேலேயும் இடது தோள் கீழேயும் இருந்தன.

"என்னங்க பண்ணினீங்க?"

"ஷூ லேஸ் மாதிரி க்ராஸ் க்ராஸா கட்டினேன். நல்லா டைட்டாத்தான் இருக்கு."

"ஒரே கயிறுங்க. கீழேர்ந்து மேல சுத்திச் சுத்திப் போகணும்."

"இத முன்னாடி வெச்சிருக்கலாம்ல? எவன் டிசைன் பண்ணான்?"

கூடத்தில் நின்று கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலோஃபர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அத்தா, மூவ்."

கயிற்றை முழுக்க உருவி எடுத்தாள். கீழ்க் கண்ணில் முடிச்சுப் போட்டாள். நான் சொல்லித்தரவில்லை. டெக்சாஸில் நான் காஜா எடுத்த நாட்களில் சில நேரம் புத்தகம் அவள் பக்கத்தில் திறந்து கிடந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு கண்ணுக்கும் இழுத்துவிட்டு, முட்டியால் என் முதுகைத் தள்ளி நேராக்கினாள்.

"ஸ்டாண்ட் ஸ்ட்ரெய்ட். மூச்சு விடு. டூ டைட்?"

"இல்ல."

"திஸ் இஸ் லைக் எ பேக் பெல்ட். அத்தாவுக்கு ஒண்ணு தெச்சுக் குடு."

கழுத்துக்குப் பின்னால் அவள் மூச்சு பட்டது. சில மாதங்களாக அவள் என்னை இவ்வளவு நேரம் தொட்டதில்லை. வேலை முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். எங்களோடு வந்தாள், ஆனால் அந்த வீட்டை அடைந்ததும் காரிலிருந்து இறங்கவில்லை. ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐ'ம் குட் ஹியர்" என்றாள்.

வாசலில் கேரல் நின்றார். வணக்கம் சொல்லவில்லை. "அங்குஸ்தான்" என்றார்.

கவுனின் திறப்பில் கை போனது. உள்பாவாடையின் திறப்பில் போனது. பைக்குள் போனது. எடுத்து விரலில் மாட்டிக் காட்டினேன். கேரல் கதவைத் திறந்துவிட்டார்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மடியில் அரைகுறையாகத் தைத்த இரண்டாவது ஷிஃப்ட். தலையில் லினன் தொப்பி, முடி ஒன்றும் வெளியே தெரியாது. கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு. முக்காடு மூடுகிற அளவுக்கு இதுவும் மூடியது. அந்த அறைக்கு வந்தவர்கள் யாரும் என் தலையை ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை. சிலர் கூடவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வருடம் இதே ஆட்களுக்குத்தான் வண்டி நிறுத்த இடம் காட்டினேன். இதைக் கவனித்தேன், குறித்துக்கொண்டேன். இதற்கு மேல் இதில் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

பிற்பகலில் வந்த ஒரு குழுவின் பின்னால் நிலோஃபர் நின்றிருந்தாள். ஜீன்ஸ், காதில் ஒரு பக்கம் மட்டும் மாட்டிய இயர்ஃபோன். இடுப்பின் உண்மையான அளவு, பிரம்பு, அக்குள் சதுரம் எல்லாம் சொல்லி முடித்து, கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். அவள் கை தூக்கினாள். முன்பின் தெரியாதவள் போல, பள்ளியில் பேசுகிற சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டாள்:

"எக்ஸ்க்யூஸ் மீ, மேம். உள்ளே போட்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. பிறகு ஏன் இவ்வளவு கஷ்டப்பட வேண்டும்?"

வீட்டில் குளிர்காலம் முழுக்க நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. இங்கே பதில் சொல்வது என் வேலை.

"நல்ல கேள்வி. இந்தக் கவுனின் முன்பக்கத்தைப் பாருங்கள். பட்டன் இல்லை, கொக்கி இல்லை. குண்டூசி குத்தித்தான் மூடியிருக்கிறது. குண்டூசி எதில் குத்தியிருக்கிறது? உள்ளே இருக்கும் ஸ்டேஸில். அது இல்லாவிட்டால் என் மேல்தான் குத்த வேண்டும். நீங்கள் பார்க்கிற கவுன், நீங்கள் பார்க்காத துணியில் நிற்கிறது."

சிரித்தார்கள். முன்னால் நின்ற வயதான பெண் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றார். "பின்னால் கயிறு கட்ட வேண்டும் என்றீர்களே, உங்களுக்கு யார் கட்டிவிட்டார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ஐ டிட்."

மொத்தக் குழுவும் திரும்பிப் பார்த்தது. நிலோஃபர் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"ஸ்பைரலா போகணும்" என்று என்னைப் பார்த்துத் தமிழும் ஆங்கிலமுமாக ஆரம்பித்தவள், பிறகு அவர்களுக்காக முழு ஆங்கிலத்துக்கு மாறினாள். ஒரே கயிறு, கீழிருந்து மேலே. ஷூ மாதிரி குறுக்கே கட்டினால் தோள் கோணிக்கொள்ளும். "என் அப்பா அப்படித்தான் கட்டினார்" என்று சேர்த்துக்கொண்டாள். அந்த வயதான பெண் அவளிடம் இன்னும் ஏதோ கேட்டார். இருவரும் பேசிக்கொண்டே மற்றவர்களோடு சமையலறைப் பக்கம் நகர்ந்தார்கள்.

அறை காலியானது. நூலை மெழுகில் இழுத்தேன். முற்றத்தில் துப்பாக்கியோடு நின்ற வால்ட்டரின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. அடுத்த குழுவிடம், பழக்கம் விடாமல், ஓர் ஆணின் இரண்டு கைக்குள் அடங்கும் இடுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

நான் எழுந்து நின்று, இடுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.